தண்ணீர்த் தொட்டி நின்ற இடம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். உன் முட்டி வலியும் அண்ணியின் இருமலும் எப்படி இருக்கின்றன? போன் செய்தால் "என்ன? என்ன?" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். பூட்டு ரிப்பேர் கடையில் சுத்தியலோடு சேர்த்துக் காதையும் தட்டிக்கொண்ட மனுஷனுக்குக் கடிதம் எழுதுவதே மேல்.

விஷயம் இதுதான். டிராயிங் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக வீட்டில் என்னை ஒரு நாற்காலியைப் போல இங்கேயும் அங்கேயும் நகர்த்திப் போடுகிறார்கள். அதனால் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நம் பழைய லைன் இருந்ததே, தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக் கடையில் போட்டார்களே, அதைக் கொல்லைத் தோட்டத்தில் கட்டுகிறேன். பொம்மை ரயில் என்று நினைக்காதே. எஞ்சின் என் முழங்கை நீளம் இருக்கும். ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சுருக்கிவிட்டேன். ஆனால் நடு ஸ்டேஷனை மட்டும் அளவு பிசகாமல் கட்டப்போகிறேன். அதன் ஒரிஜினல் பிளான் டிராயிங் படித்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது.

நீ வேலை பார்த்த ஸ்டேஷன் என்பதால் சொல்கிறேன். பழையதைக் கிளற அல்ல. உன்னைப் போல் அந்த லைனை அறிந்தவர் இன்று யாரும் இல்லை. இதுவரை போட்டதை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துத் திருத்திக் கொடு.

அண்ணியிடம் என் விசாரிப்பைச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 29

டேய் ஸ்கேல்,

நலம். முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. உன் அண்ணி இருமுகிறாள், ஆனால் திட்டும்போது மட்டும் இருமல் வருவதில்லை.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்ததில் கடைக்கு வந்த ஒருவர் தன் பெட்டிச் சாவியைத்தான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொல்லைக்குள் ரயில் ஓட்டுகிறவன் என் கூடப் பிறந்திருப்பான் என்று நினைக்கவில்லை.

அது என்ன பெரிய லைன்? ஆடு குறுக்கே வந்தால் ரயில் நின்று ஆட்டுக்கு வழிவிடும். இறங்கி நடந்தவன் ரயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேருவான். அதை மூடியபோது யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு குறையவில்லை. என்னை மட்டும் அது மூடுவதற்கு முன்பே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. ஊருக்கே தெரிந்த கதை, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்த எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். போட்டோவில் தண்டவாளத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கியிருக்கிறாயே, அதற்குப் பெயர் ஸ்லீப்பர் கட்டை. ஐஸ் குச்சி அல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள். மண்டையை முக்கியமாக.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இருவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. ஐஸ் குச்சிகளைப் பிடுங்கிவிட்டுத் தேக்குத் துண்டுகளை அறுத்துப் போட்டுவிட்டேன். இப்போது உனக்குத் திருப்தியா?

கடைசி ஸ்டேஷன் முடிந்தது, முதல் ஸ்டேஷனும் முடிந்தது. வீட்டுக்காரி அதன் பிளாட்பாரத்தில் துணி கவ்விகளைக் காயவைக்கிறாள். கேட்டால், "உங்க ரயில்ல ஏற ஒரு ஜனமும் காணோம், இதுங்களாவது நிக்கட்டும்"ங்கிறாள். ரசனை இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டேன்.

நடு ஸ்டேஷனை இடுப்பளவுச் சுவர் எழுப்பி அதன் மேல் வைக்கிறேன். குனிந்து வேலை செய்ய என் முதுகு ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் நீ கைகாட்டி லீவர் இழுத்த கேபினின் ஜன்னல் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது. வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன், குட்ஸ் ஷெட், மேற்குக் கைகாட்டி, கிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பிளானில் உள்ளபடியே. நான் வரைந்த படத்தையும் மற்ற ஸ்டேஷன்களின் போட்டோக்களையும் இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. நாற்பது வருஷம் கோடு போட்டவன் நான், என் கோட்டில் தப்பு கண்டுபிடித்தால் உனக்கு ஒரு கும்பிடு.

அண்ணியின் இருமலுக்கு வெந்நீர் கொடு.

தம்பி


மார்ச் 11

டேய் ஸ்கேல்,

வெந்நீர் கொடுத்தேன். "இதைச் சொல்ல ஒரு தம்பியா?" என்றாள். நலமாகத்தான் இருக்கிறாள்.

முதல் ஸ்டேஷன் கைகாட்டியின் கை கம்பத்துக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் லைனில் எந்தக் கைகாட்டிக்காவது வலப்பக்கம் கை இருந்து பார்த்திருக்கிறாயா? ரயிலில் போகும்போது சன்னலுக்கு வெளியே பார்க்காமல் எதிர்சீட்டுக்காரர் பேப்பரைப் படித்தால் இப்படித்தான். லெவல் கிராஸிங் கேட் ரோட்டை மறிக்க வேண்டும். உன்னுடையது ரயிலை மறிக்கிறது. ஜல்லி ஒவ்வொன்றும் அந்த எஞ்சின் டிரைவர் தலை அளவு இருக்கிறது. கடைசி ஸ்டேஷனில் கடிகாரம் வைத்திருக்கிறாய். அங்கே கடிகாரம் கிடையாது. நேரம் தெரிந்தால் ரயில் எவ்வளவு லேட் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும் என்று வைக்கவே இல்லை. கார்டின் கையில் கொடி தலைகீழாக இருக்கிறது. குட்ஸ் வண்டிக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு உன் தோட்டத்தைக் காட்டலாம்.

இதைக் கட்டுவதற்குப் பதில் உண்மையான சுரைக்காய் போட்டிருந்தால் வீட்டுக்காவது உதவியிருக்கும்.

அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம், நலம், நலமறிய ஆவல்.

கையை இடப்பக்கம் மாற்றினேன். கேட்டைத் திருப்பினேன். கடிகாரத்தைப் பிடுங்கினேன். கும்பிடும் போட்டுவிட்டேன், திருப்திப்படு.

ஆனால் நடு ஸ்டேஷனைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லையே? எல்லாவற்றிலும் நொட்டை சொன்னவன் நீ வேலை பார்த்த இடத்தைத் தொடவே இல்லை. சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தையும் திருப்பி அனுப்பவில்லை.

நல்ல செய்தி ஒன்று. மே மாதக் கடைசி ஞாயிறு ரயிலை ஓட்டப்போகிறேன். பழைய லைன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். திறந்துவைக்க யார் தெரியுமா? நம் பெரியவர், அப்போது நடு ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தாரே, அவரே. இப்போதும் கணீரென்று பேசுகிறார். வாக்கிங் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு என் பிளாட்பாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "யாரு கட்டினாலும் என் ஸ்டேஷன் ஒழுங்கா இருக்கணும்" என்றார். அந்த விபத்தில் கால் போன, தண்டவாளப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீயும் வா அண்ணா. இன்னும் எத்தனை நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டிருப்பாய்? அன்றைக்குக் கைகாட்டியைக் கண்ணால் பார்க்காமல் விட்டுவிட்டாய். மனுஷன் என்றால் அசந்துபோவது சகஜம். யாரும் இப்போது உன்னைக் குறையாக நினைப்பதில்லை. பெரியவரே "பாவம், நல்ல பையன்தான், கவனம் பத்தாது" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

பதில் எழுது.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. முட்டி வலி அதிகமா? கையால்தானே எழுதுகிறாய், முட்டியால் இல்லையே. ஒரு வரி போடு.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. தங்கச்சியையும் உங்களையும் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும், அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து ஒரு வாரம் பார்த்தார். சிவப்பு பேனாவை மூடி திறந்து மூடி திறந்து கடைசியில் ஒரு கோடும் போடாமல் மடித்துவிட்டார். "இவனும் அதே காகிதத்தைத்தாண்டி வச்சிருக்கான்" என்றார். அப்புறம் உங்களுடைய பெருந்தன்மைக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து கடைக்குப் போகிறார், வருகிறார், யாரிடமும் பேச்சில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி, நீங்கள் படித்தவர். நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு குட்ஸை லூப்புக்குள் வாங்கிவிட்டு அவர் லீவரைத் திருப்பிப் போட்டார். கம்பி கப்பியில் சிக்கிக் கைகாட்டியின் கை ஏறாமல் நின்றுவிட்டது. நில் என்று காட்ட வேண்டியது வா என்று காட்டியது. அடுத்த ரயில் உள்ளே வந்து லூப்பில் நின்ற குட்ஸ் மேல் மோதியது, பாயிண்ட்ஸ்மேனுக்குக் கால் போனது. இவர் கேபினிலிருந்து பார்த்திருந்தால் கை ஏறவில்லை என்று தெரிந்திருக்கும், பார்க்கவில்லை என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள். "நான் பார்த்தேன். தொட்டி மறைச்சுது" என்று இவர் தொண்டை கிழியச் சொன்னார். அந்தக் கோடையில் கிழக்குக் கிணறு வற்றிப்போனதென்று பெரியவர்தானே மேற்குக் கிணற்றை ஒட்டி, கேபினுக்கு முன்னால், கட்டை அடுக்கி ஒரு தற்காலிகத் தொட்டி வைக்கச் சொன்னார்? விபத்து நடந்த வாரத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள். விசாரணைக்காரர்கள் வந்தபோது பிளானிலும் தொட்டி இல்லை, தரையிலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவர்கள் முழுத் தொட்டியைக் காகிதத்தில் மறைத்தார்கள்.

வெளியார் செய்ததை அவர் என்றைக்கோ விட்டுவிட்டார். நீங்கள் செய்ததைத்தான் விடவில்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் அந்தப் பிளானை எடுத்து, கேபினிலிருந்து கைகாட்டி வரை ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, "நேரா போகுதே அண்ணா, நடுவுல ஒண்ணும் இல்லையே" என்றீர்கள். நான் அப்போது புதுசாக வாக்கப்பட்டு வந்தவள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றிலிருந்துதான் உங்களுக்கு இந்தப் பெயர். நீங்கள் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் கோடை விடுமுறைக்கு நீங்கள் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கினீர்கள். தினம் ஸ்டேஷனில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சாப்பிட வருவீர்கள். கிழக்குக் கிணறுதான் வற்றிவிட்டதே, தண்ணீர் உங்கள் தலையில் எங்கிருந்து விழுந்தது?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


மே 8

அண்ணா,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்று முகமில்லை.

அண்ணியின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பழைய மாத்திரை டப்பா ஒன்றைக் கட்டைகள் மேல் நிறுத்தினேன். எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கால் தானாகப் போனது. தொட்டி நிரம்பி வழியும், கீழே நானும் இன்னும் ரெண்டு பேரும் தலையைக் காட்டிக்கொண்டு நிற்போம், நீ கேபினிலிருந்து "லைன் மேல ஈரம் பண்ணாதீங்கடா" என்று கத்துவாய். உன் குரல் கேட்டதென்றால் கேபின் எவ்வளவு பக்கம்! மேற்குப் பக்கம்தான். உன் ஜன்னலுக்கு முன்னால்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து கேபின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பத்தின் அடிப்பாகம் தெரிகிறது. கை தெரியவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன், நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். டப்பாதான் தெரிகிறது. எழுந்து நின்றால் மட்டும் கை தெரிகிறது, ஆனால் அப்போது என் கண் கேபின் கூரைக்கு மேலே போய்விடுகிறது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டுத் துணி கவ்விகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விழாவை நிறுத்திவிடுகிறேன். அந்த ஆளை என் வாசலிலேயே ஏற்றப்போவதில்லை.

தம்பி


மே 15

டேய் ஸ்கேல்,

அழுதாயாம். தோட்டத்துக்குத் தண்ணீர் மிச்சம்.

உன்னைவிட அந்த மாத்திரை டப்பா எனக்குச் சொந்தக்காரன். கூடப் பிறந்தவன் வாயால் சொன்னபோது உனக்குக் கேட்கவில்லை. டப்பா சொன்னதும் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எனக்குத்தான் காது செவிடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணி எழுதியதை அவளே ஒப்புக்கொண்டாள். வீடு ரெண்டாகவில்லை. நீ நினைப்பது போல் நான் ஒன்றும் உருகிவிடவும் இல்லை.

விழாவை நிறுத்தாதே. பெரிய மனுஷரைக் கூப்பிட்டுவிட்டு வரவேண்டாம் என்பது மரியாதையா? மாலை போடு. நாற்காலி போடு. கேபினுக்குப் பின்னால், ஜன்னலுக்கு நேரே போடு. உன் டப்பா நின்ற இடத்தில் நிற்கட்டும். முதல் ரயிலை உள்ளே வாங்குகிற வேலையை அவரிடமே கொடு. ரயில் வந்ததும் லீவரைத் திருப்பிப் போடச் சொல். கை ஏறியதா என்று பார்த்துச் சொல்லச் சொல். எங்களுக்கு அவர் தினமும் ஓதிய மந்திரம் அது: "கண்ணால பாக்காம லீவரை விட்டு நகராதே." நீ வாயைத் திறக்காதே. என் பெயரை எடுக்காதே. உனக்குப் பேசத் தெரியாது, கோடு போடத்தான் தெரியும்.

போட்டோவில் உன் லீவர் பல்குத்தும் குச்சி மாதிரி இருக்கிறது. பித்தளையில் ஒன்று செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கடையில் சும்மா கிடந்த பழைய சாவிகளை உருக்கியது, பெரிதாக நினைத்துக்கொள்ளாதே.

நான் வரமாட்டேன். முட்டி வலி.

அண்ணன்


மே 28

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ கேட்கச் சொன்னதைத் தவிர நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் மாலையோடு உட்கார்ந்தார். சுற்றி எல்லோரும் நின்றார்கள். பாயிண்ட்ஸ்மேன் ஊன்றுகோலோடு சுவரை ஒட்டி நின்றார். நீ செய்த லீவரைப் பெரியவர் தடவிப் பார்த்து, "யாரு செஞ்சது? கைவேலை நல்லா இருக்கே" என்றார். நான் சிரித்துவைத்தேன். லீவரை இழுத்தார், கை இறங்கியது, ரயில் உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். திருப்பிப் போட்டார்.

"கை ஏறிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன்.

ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கை ஏறியது தெரிகிறது. உட்கார்ந்திருந்த அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"எங்கப்பா தெரியுது? எவன்பா இங்க கொண்டாந்து டப்பாவை வச்சது?" என்று சலித்துக்கொண்டார். அப்புறம் வாக்கிங் ஸ்டிக்கை நீட்டி, அதே கணீர்க் குரலில், "எடுங்கப்பா அந்தத் தொட்டியை! மறைக்குது!" என்றார்.

டப்பா என்றுதான் தொடங்கினார். தொட்டி என்று முடித்தார்.

அண்ணா, எல்லோரும் அவரையே பார்த்தோம். ரயில் மட்டும் பிளாட்பாரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. பெரியவரின் ஸ்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு கீழே இறங்கியது. எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடைசியில் பாயிண்ட்ஸ்மேன் முகத்துக்கு வந்து நின்றார்.

பாயிண்ட்ஸ்மேன் சொன்னார்: "அன்னைக்கும் இப்படித்தான் எடுக்கச் சொன்னீங்களா சார்? நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா காலைல எந்திரிச்சதும் அவனைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்."

"வெயில் ஜாஸ்தியா இருக்கு, கிளம்பலாம்" என்றார் பெரியவர். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். வாசல் வரைக்கும் யாரும் கூடப் போகவில்லை.

பாயிண்ட்ஸ்மேன் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். உன் விலாசம் கேட்டார். கொடுத்தேன். தப்பென்றால் திட்டு.

அண்ணி காரணம் சொன்ன அந்தப் பெயரால் நீ என்னைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கூப்பிடு.

தம்பி


ஜூன் 9

டேய் ஸ்கேல்,

நானும் அண்ணியும் நலம். முட்டியைக் கேட்காதே.

பாயிண்ட்ஸ்மேன் போன வாரம் கடைக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டு, "ஒரு பூட்டு இருக்கு, சாவி தொலைஞ்சுபோச்சு" என்றான். கையில் பூட்டே இல்லை. பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம். உட்காரச் சொன்னேன். உன் அண்ணி டீ போட்டாள். அவன் அழுதான். நான் அரத்தை எடுத்து ஏதோ ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது எந்தப் பூட்டுக்கும் சேராது.

உன் விழாவைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். எழுத்துப்பிழை பார்ப்பதற்காக. கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய், நம் லைனில் ரயில் வந்ததற்கு எவனும் கைதட்டியதில்லை. அது ஒன்றுதான் உன் தோட்டத்தில் உண்மைக்குப் புறம்பானது.

அடுத்த மாதம் நானும் அவனும் வருகிறோம். உன் ரயிலைப் பார்க்க அல்ல. உன் ஜல்லி இன்னும் பெரிசாகத்தான் இருக்கும், உன் கார்டு இன்னும் கொடியைத் தலைகீழாகத்தான் பிடித்திருப்பான். அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய மனுஷர் சொல்லிவிட்டாரே என்று நீ பாட்டுக்கு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடப் போகிறாய். உன் புத்தி எனக்குத் தெரியும். அவர் சொல்லி ஒரு தடவை எடுத்தது போதும். மழை வந்தாலும், உன் வீட்டுக்காரி துணி காயப்போட வந்தாலும், நான் வருகிறவரைக்கும் தொட்டியை எடுக்காதே.

அண்ணன்